அமூட்டியின் விரல்

சர்க்கரை பார்க்கும் கருவியில் முந்நூற்றுத் தொண்ணூறு என்று வந்ததும் டாக்டர் கைஜா நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"ஊசி போட ஒழுங்கா சொல்லிக் குடுத்தீங்களா, சிஸ்டர்?"

"குடுத்தேன் டாக்டர். நீங்க எழுதின அளவு பத்தலையோ என்னவோ," என்றாள் கபகேன்யி.

டாக்டரும் நர்ஸும் சேர்ந்தே நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சர்க்கரை அடங்காதவர்களுக்குத்தான் இந்த அறை. அடங்கியவர்கள் ஜன்னலில் எண்ணைக் கூப்பிட்டதும் மருந்தை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த கிழவர் பகுமாவோ சிரித்துக்கொண்டிருந்தார். ஃபோர்ட் போர்ட்டல் ஊரின் காலைக் குளிரிலும் வேர்த்த நெற்றியைத் துடைத்துவிட்டு, விரலில் உட்கார்ந்த ஈயை விரட்டினார்.

"சாப்பாடெல்லாம் யாரு செய்றா, அமூட்டி?" என்று கேட்டாள் கபகேன்யி.

இங்கே பெயர் வெளியாட்களுக்கு, செல்லப்பெயர் வேண்டியவர்களுக்கு. பகுமாவுக்கு அமூட்டி. அதைச் சொல்லி விசாரிப்பதுதான் பயிற்சியில் முதல் பாடமே.

"மட்டோக்கே வாழைக்காய் அவிக்கிறதும் நான், திங்கிறதும் நான். பொண்டாட்டி போனப்புறம் சுவரோடதாம்மா பேச்சு."

கேட்கவே கஷ்டமாக இருந்தது. டாக்டர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். "போன வாரமே மருந்தைக் கூட்டினேன். இன்னைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிடுறேன்."

"இருங்க டாக்டர்." கபகேன்யி கிழவரின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "கை சில்லுன்னு இருக்கு. விரல் மட்டும் பிசுபிசுங்குது."

சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, திரும்பவும் குத்தினாள்.

ஐம்பத்தாறு.

டாக்டர் எழுதியதை அடித்தார். கபகேன்யி சர்க்கரைத் தண்ணீர் கலக்க, அவரே தம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தார். கிழவரின் சட்டைப் பையில் பாதி வாழைப்பழம் நசுங்கிக் கிடந்தது.

"இன்னும் கூட்டியிருந்தா தூக்கத்துலயே போயிருப்பீங்க. எழுப்பக்கூட ஆளில்ல." டாக்டர் தம்ளரைக் கீழே வைத்தார். "பழத்த விரல்ல தடவிக்கிட்டு வந்து எதுக்கு எங்கள ஏமாத்துனீங்க, அமூட்டி?"

பகுமா கதவைப் பார்த்தார். வெளியே ஜன்னலில் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சர்க்கரை அடங்கிட்டா அங்க அனுப்பிருவீங்க தம்பி. அங்க நான் வெறும் நாப்பத்தேழு."