நினைவு தப்பியவர்

“பெத்த மகனையே அடையாளம் தெரியல சார் அவருக்கு. அந்த நிலைமையில எழுதின உயில் எப்படி சார் செல்லும்?”

மகன் வக்கீலுக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண்ணீர் வற்றிவிட்டது, ஆத்திரம் மட்டும் வற்றவில்லை. இருந்த ஒரே வீட்டை அந்த மனுஷர் முழுசாக இவன் தங்கை பேருக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

வீடு தனக்குத்தான் என்று நம்பி வேலையை விட்டிருந்தான். கீழ்த்தளத்தில் கடை போடுவதற்குப் பெயர்ப்பலகைகூட எழுதி வாங்கியாயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஐம்பது வயதுக்காரனை இனி எவன் வேலைக்குக் கூப்பிடப் போகிறான்?

“பரம்பரைச் சொத்தா?” என்றார் வக்கீல்.

“இல்ல சார். அவரே சம்பாதிச்சுக் கட்டினது.”

“அப்ப யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். மகன்னு சொல்லிப் பங்கு கேட்க முடியாது. உயிலையே உடைக்கணும், அதுக்கு மூணு வழி இருக்கு. கையெழுத்து போலியா?”

“அவரோடதுதான்.”

“உங்க தங்கச்சி மிரட்டி எழுதி வாங்கினாங்களா?”

தங்கையை நினைத்துப் பார்த்தான். கரப்பான் பூச்சிக்கே வழிவிட்டு ஒதுங்கி நிற்பவள். அவள் மிரட்டினாள் என்றால் ஜட்ஜே சிரித்துவிடுவார்.

“இல்ல சார்.”

“அப்ப மிச்சம் ஒண்ணுதான். எழுதினப்ப அவருக்குச் சுயபுத்தி இல்லைன்னு நிரூபிக்கணும்.”

“அதைத்தானே சார் வந்ததுல இருந்து சொல்லிட்டிருக்கேன். கடைசி ரெண்டு வருஷம் எப்பப் போனாலும் இதே கூத்துதான். பொறந்ததுல இருந்து ‘டேய்’னு கூப்பிட்ட மனுஷன், எழுந்து நின்னு கும்பிட்டு, ‘வாங்க, நீங்க யாரு?’ன்னு கேட்பார். ‘அப்பா, நான்தான்’னு சொன்னா, ‘சரிங்க, எங்க கையெழுத்துப் போடணும்?’னு பேனாவைத் தேடுவார். இதுக்குப் பேர் பைத்தியம் இல்லாம வேற என்ன?”

வக்கீல் குறித்துக்கொண்டார். “சாட்சி இருக்கா?”

கையோடு கூட்டி வந்திருந்தான். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் வந்து இன்சுலின் ஊசி போட்டு, சாயங்காலம் வரை அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தங்கைக்கு வேண்டியவளும் இல்லை, வேண்டாதவளும் இல்லை. பொய் சொல்லத் தெரியாத முகம். கோர்ட்டில் இந்த முகம் நன்றாக எடுபடும் என்று அவனே தேர்ந்தெடுத்த சாட்சி.

உள்ளே வந்ததும் அவளை உட்காரக்கூட விடவில்லை.

“சிஸ்டர், நான் வர்றப்பல்லாம் அப்பா என்னைப் பார்த்து ‘நீங்க யாரு’ன்னு கேட்டாரா, இல்லையா? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?”

“கேட்டார் சார். ஒவ்வொரு தடவையும் கேட்டார்.”

மகனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இரண்டு வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் கூசிப் போனவன், இன்றைக்குத்தான் முதல்முறையாக அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான்.

வக்கீல் அதோடு விடவில்லை. எதிர்த்தரப்பு கேட்கக்கூடியதை முன்கூட்டியே கேட்டுவிடுவது அவர் வழக்கம்.

“இவர் கிளம்பினதுக்கப்புறம், வந்துட்டுப் போனது யாருன்னு உங்ககிட்ட விசாரிப்பாரா?”

நர்ஸ் மகனைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“எதுவா இருந்தாலும் சொல்லும்மா. உள்ளதைச் சொன்னாத்தான் கேஸ் நிக்கும்.”

“கேட் சாத்துற சத்தம் கேட்டதும் மெதுவா கேட்பார் சார், ‘என் பையன் போயிட்டானா’ன்னு.”