ஐந்தாவது கட்டம்

அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சிகிச்சை நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா, ஊசிக்காரர் என்று எல்லோரும் அழைக்கும் அக்குபஞ்சர் நிபுணர், மசாஜ் அக்கா, யோகா டீச்சர், மூலிகை வைத்தியர். ஐவருக்கும் நடுவே மேசைமேல் ஒரு கோப்பு கிடந்தது.

சனிக்கிழமை வைத்தியர் வருகிற நாளில்லை. திங்கள், புதன், வெள்ளி மட்டுமே அவர் முறை. இன்று அவரை வரவழைத்தது தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் பரவிவிட்ட ஒரு பேச்சு. அவருடைய மருந்தைச் சாப்பிட்டால் உடம்பில் ரத்தம் கட்டிக் கன்றிப்போகிறதாம்.

"மூணு தலைமுறையா வைத்தியம் பாக்கற குடும்பம். எங்க தாத்தா பேருலயும் எங்க அப்பா பேருலயும் இதுவரைக்கும் ஒரு சின்னக் கறை விழுந்ததில்ல. யார் கிளப்பிவிட்டது இதை?" முதுகு நாற்காலியில் படாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் வைத்தியர்.

டாக்டரம்மா கோப்பைத் திறந்தார். அங்கே கோப்பில் நோயாளியின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வைத்தியம் செய்கிற ஐந்து பேரும் ஒரே தாளில், ஆளுக்கொரு கட்டத்தில் எழுதவேண்டும்.

"நாப்பத்தொண்ணாம் நம்பர். தோள்லயும் கையிலயும் கன்றின தடம். நாலு மாசமா வருது, போகுது. மூலிகை மருந்து ரத்தத்தை இளக்கியிருக்கலாம்னு நான்தான் எழுதி வெச்சேன். யாரோ அதைப் படிச்சிட்டு வெளிய பேசிட்டாங்க."

"நான் மசாஜால வந்ததுன்னு நெனச்சேன்," என்றார் ஊசிக்காரர். "அக்கா அழுத்தினா யானையே கத்தும்."

"ஆமா, உங்க ஊசி மட்டும் மயிலிறகாக்கும்!" மசாஜ் அக்காவுக்கு முகம் சிவந்தது. "குத்தறது போதாதுன்னு முதுகுல கப்பு வேற கவுத்து உறிஞ்சறீங்க. அந்தத் தடம்னுதான் நான் விட்டுட்டேன்."

"நான் அவங்களுக்குக் கப்பே வெச்சதில்லையே!"

யோகா டீச்சர் மெல்லச் சொன்னார்: "கையைத் தூக்குங்கன்னா தூக்க மாட்டாங்க. ஊசி போட்ட வலியாக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

"ஆக, ஒருத்தர்கூட அவங்களை வாயத் திறந்து கேக்கல." வைத்தியர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக் கடைசிக் கட்டத்தை விரலால் தட்டினார். "இதோ பாருங்க. அஞ்சாவது கட்டம், என்னோடது. ஒரு எழுத்து இருக்கா? நான் நாடிகூடப் பாக்காத ஆளு உடம்புக்குள்ள என் மருந்து எப்படிப் போச்சு?"

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். கட்டம் காலியாகத்தான் இருந்தது.

"தப்பு என்னோடதுதான் ஐயா. எல்லாரும் பாத்திருப்பீங்கன்னு நெனச்சுட்டேன்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டு வாசல்ல ஒட்டுங்க. எங்க குடும்பப் பேரைக் கெடுத்தது போதும்."

"ஒட்டறேன் ஐயா."

அதோடு முடிந்திருக்கும். மசாஜ் அக்காவால்தான் சும்மா இருக்க முடியவில்லை. "காலியாத்தான் இருக்கும். வைத்தியர்கிட்ட மட்டும் என்னை அனுப்பாதீங்கன்னு அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாளே. அவர் வராத நாளாப் பாத்துத்தான் வருவா."

வைத்தியருக்குச் சுருக்கென்றது. "ஏன், என் வைத்தியம் அவ்வளவு மட்டமா? இன்னிக்கு வந்திருக்காளா?"

"வெளிய உக்காந்திருக்கா."

"கூப்பிடுங்க. என் முகத்துக்கு நேரா காரணத்தைச் சொல்லட்டும். இல்லைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து இந்தப் படி ஏற மாட்டேன்."

"நோயாளியை இப்படி நிறுத்திக் கேக்கறது முறையில்ல," என்று முணுமுணுத்தபடியே டாக்டரம்மா எழுந்து போனார். திரும்பி வர ஐந்து நிமிடம் ஆயிற்று.

"மூலிகை வைத்தியர் கேக்கறார்னு சொன்னேன். முதல்ல கிளம்பறேன்னு பையை எடுத்தாங்க. அப்புறம் அவங்களே வர்றேன்னுட்டாங்க."

கதவருகே வந்து நின்றவளைப் பார்த்ததும் வைத்தியர் எழுந்துவிட்டார். மற்ற நால்வருக்கும் அவள் நாற்பத்தொன்றாம் நம்பர். அவருக்கு மருமகள், ஒரே மகனின் மனைவி.

யாரும் வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்துவிட்டது. "அட, நம்ம வீட்டுப் பொண்ணு! மாமனார்கிட்ட வைத்தியம் பாத்துக்கக் கூச்சம், வேற ஒண்ணுமில்ல. குளியலறைல வழுக்கி விழுந்துட்டா, அந்தத் தடம்தான் இது."

"நாலு மாசமாவா வழுக்குது?" என்றாள் மசாஜ் அக்கா.

"நடையில நிதானம் கிடையாதும்மா அவளுக்கு. விடுங்க, விஷயம் தெளிவாயிடுச்சு. டாக்டர், அதையே எழுதிடுங்க. நீ போம்மா."

ஊசிக்காரர் நிம்மதியாக மூச்சுவிட்டார். டாக்டரம்மா பேனாவைத் திறந்து, காலியாகக் கிடந்த கட்டத்துக்குக் கொண்டுபோனார்.

"எழுதாதீங்க டாக்டர், நான் எங்கயும் விழலை," என்றாள் அவள். குரல் உயரவில்லை. பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

"உங்க பிள்ளை அடிக்கறப்பல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சது நீங்கதானே, மாமா?"