பூங்கொத்துப் படம்

கூட வேலை பார்க்கும் பாமாதான் வேண்டுமென்றே அந்த வெப் பக்கத்தைக் கெடுத்திருக்கிறாள். குணசேகருக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை.

"பாருங்க சார்" என்று முதலாளி சேஷகிரியின் பக்கம் லேப்டாப்பைத் திருப்பினான். "போன வருஷம் கூகுள்ல 'மறுமணம் பெங்களூரு'ன்னு தேடினா நம்ம பக்கம்தான் முதல்ல வந்து நிக்கும். இப்ப எங்க இருக்குன்னே தெரியல. லிங்க்கை வாட்ஸ்அப்ல அனுப்பினா கூடவே ஒரு படம் வருமில்ல? அதுல கூட்டத்தோட போட்டோ இருந்ததாம். அதைத் தூக்கிட்டுப் பூங்கொத்து வெச்சிருக்காங்க. எவன் அதைப் பாத்து இன்னொருத்தருக்கு அனுப்புவான்? பூக்கடைன்னு நினைச்சு ரெண்டு பேர் மாலைக்கு ஆர்டர் கேட்டிருக்காங்க சார்!"

சேஷகிரி சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்? விழா, கூட்டம், கண்காட்சி என்று எது நடந்தாலும் அதற்கு வெப் பக்கம் செய்து, தேடுகிறவர் கண்ணில் படவைப்பதுதான் லிங்கராஜபுரத்தில் பேக்கரி மாடியில் இருக்கும் அந்த ஆபீசின் பிழைப்பு. துணையை இழந்த நடுத்தர வயதுக்காரர்களுக்கு வருஷாவருஷம் மறுமணச் சந்திப்பு நடத்தும் சங்கம் அவருடைய பழைய கஸ்டமர். "இந்தத் தடவை பாதிப் பேர்கூடப் பதிவு பண்ணல. நாங்க வேற இடம் பாத்துக்கறோம்" என்று அவர்கள் காலையில்தான் போனில் பொரிந்து தள்ளியிருந்தார்கள்.

"ஏனப்பா, தெரியாம நடந்திருக்குமோ?"

"யார் மாத்தினாங்கன்னு கம்ப்யூட்டரே சொல்லுது சார். பாமாக்கா பேருதான் இருக்கு."

"நீயே போய்க் கேளு. பதில் சரியா வரலேன்னா இந்த மாசத்தோட அவங்களுக்குக் கணக்கு முடிச்சிடறேன்."

மாரத்தான், இசைக் கச்சேரி என்று வேறு பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்த குணாவுக்கு இந்த வேலை வந்ததே இன்றைக்குத்தான். வந்த அன்றே திருட்டைப் பிடித்துவிட்டோம் என்று பையனுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே பாமா முன்னால் போய் நின்றான்.

"எதுக்குக்கா மாத்தினீங்க?"

"மாத்தணும்னு தோணுச்சு, மாத்தினேன்."

"இது ஒரு பதிலா? வேலை போயிடும்க்கா."

"போனா போகட்டும் விடு."

வீட்டு வாடகையே அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அப்படியும் இந்தத் திமிரா? குணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்குத் தெரியும். புருஷன் போன பொம்பளைங்க அங்க சிரிச்சுகிட்டு உக்காந்திருக்கறது உங்களுக்குப் பொறுக்கல. அவங்க மூலையிலயே கிடக்கணுமா? இன்னொரு துணை தேடறதுல என்னக்கா வெட்கம்? அதை மூடி மறைக்கறவங்கதான் வெட்கப்படணும்!"

ஆபீசே திரும்பிப் பார்த்தது. அட, பேச்சு நியாயமாகத்தானே இருக்கிறது! பின்னால் யாரோ ஒரு பெண் கைகூடத் தட்டினாள்.

பாமா அவன் முகத்தையே பார்த்தாள். "நெஜமாத்தான் சொல்றியா குணா?"

"சத்தியமா."

பேசிய சூட்டோடு உட்கார்ந்தான். பழையபடி ஆக்கு என்று கம்ப்யூட்டரில் ஒரே தட்டு. பூங்கொத்து போயிற்று. படம் சரியாக வருகிறதா என்று பார்க்க, லிங்க்கை ஆபீஸ் குரூப்பில் போடப் போனை எடுத்தான். பாமா சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குரூப்ல வேண்டாம்டா. எனக்கு மட்டும் அனுப்பு."

அனுப்பினான்.

படத்தில் மண்டபம் நிறைய ஆட்கள்தான். ஆனால் வாட்ஸ்அப் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் சின்னச் சதுரமாகக் காட்டியது. அதற்குள் ஒரே ஒரு முகம். தலை நிறையப் பூ, வாய் நிறையச் சிரிப்பு.

அவனுடைய அம்மா, சொர்ணம்.

அப்பா தவறிய பிறகு அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

பாமா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆயுத பூஜைக்கு உங்கம்மா இங்க வந்தாங்களே, அன்னைக்கு என் ஸ்கிரீன்ல இதைப் பாத்துட்டாங்க. வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கல. என் கையைப் புடிச்சுகிட்டு, நீ பாக்கறியான்னுதான் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. இந்த லிங்க் எத்தனை பேர் போன்ல சுத்துதோ! அதான் படத்தையும் எடுத்துட்டேன், கூகுள்லயும் கண்ணுல படாதபடி பண்ணிட்டேன்."

என்ன வெட்கம் என்று கேட்டவனே இப்போது சுற்றுமுற்றும் பார்த்தான். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று, அவசர அவசரமாகப் பூங்கொத்தைத் திரும்ப வைத்தான். வைத்த பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்கே உறைத்தது. பாவம், காது மடலெல்லாம் சிவந்துவிட்டது.

எழுந்து போய் சேஷகிரியிடம் சொன்னான்.

"கெடுத்தது பாமாக்கா இல்ல சார். அவங்கவங்களைக் கேக்காம முகத்தைப் போட்டது நம்ம தப்பு. முகம் தெரியாம நல்ல படம் ஒண்ணு போட்டு, தலைப்பையும் சரிபண்ணித் தரேன். தேடினா முதல்ல வரும். நான் பொறுப்பு."

"அவங்க வேலைக்கும் நீதான் பொறுப்பா?"

"ஆமா சார்."

சேஷகிரி உம்மென்று தலையாட்டினார். குணா மாடிப்படியில் வந்து நின்று அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா... அந்த மறுமணச் சந்திப்பு இந்த வருஷமும் வருதும்மா. வேணும்னா நானும் உன்கூட வரட்டுமா?"

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தான்.

"அங்க எனக்கு இனிமே என்னடா வேலை?" என்றாள் சொர்ணம். "போன வருஷமே அவரைப் பாத்தாச்சு. உன்கிட்ட யார் சொல்றதுன்னுதான் ரெண்டு பேரும் பயந்துகிட்டு இருக்கோம்."