முருகனுக்கு நேர்ந்த கூந்தல்

தேயிலைச் சரிவின்மேல் காலைப் பனி கலைகின்றது. லயத்து வீட்டு வாசலில் அமிர்தவல்லி நாற்காலியில் அமர்ந்திருக்க, அவள் கணவர் வேலாயுதம் பின்னால் நின்று அவளுக்குத் தலை வாருகின்றார். ஈப்போ மருத்துவமனையில் புற்றுநோய்க்கு முதல் ஊசி ஏற்றி இன்று பதினேழாம் நாள். சீப்பை இழுக்குந்தோறும் கூந்தல் கற்றை கற்றையாகக் கையோடு வந்துவிடுகின்றது. அவள் குணமானால் தைப்பூசத்தன்று அந்தக் கூந்தலை முருகனுக்கு இறக்குவதாக அவர் நேர்ந்திருந்தார். மருந்தே முடியை உதிர்த்துவிடும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. “சாமிக்கு முந்தி மருந்து வாங்கிக்கிச்சுலா,” என்கின்றாள் அவள். “அதுக்கென்ன புள்ள, என் முடிய இறக்கிட்டாப் போச்சு.” அவள் திரும்பி அவருடைய வழுக்கையை ஏற இறங்கப் பார்க்கின்றாள். “இத சாமி எப்பவோ எடுத்துக்கிட்டாரு. இன்னொரு தடவ எப்படிங்க குடுப்பீங்க?” இருவரும் சிரிக்கின்றனர். சரிவில் கொழுந்து வெட்டும் இயந்திரம் இரைகின்றது. அவள் சிரிப்பு இருமலாகி, நெடுநேரம் நீடித்து அடங்குகின்றது. உதிர்ந்த முடியையெல்லாம் பொறுக்கி அவர் மஞ்சள் துணியில் முடிகின்றார். “இதையே கொண்டுபோயிக் குடுத்துருவோம் வல்லி.” “கீழ விழுந்த பூவ சாமிக்குப் போடுவீங்களா?” அவர் முடிச்சை இறுக்குகின்றார். அவள் இடக் காதோரம் எஞ்சிய சிறு கற்றையை உள்ளங்கையால் பொத்திக்கொள்கின்றாள். “இத மட்டும் வாராதீங்க. தைப்பூசம் வரைக்கும் இருக்கட்டும்.” அவர் சரியென்று தலையசைக்கின்றார். தைப்பூசத்திற்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை.