ஊறுகிறதா

இதய அறுவை முடிந்த அப்பாவுக்குப் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. புதிதாக ஊறுகிறதா என்று பார்க்கவும் அவர் ரத்தத்தையேதான் தினமும் எடுத்தார்கள்.

"இருக்கிறதையும் உறிஞ்சிட்டா எங்கேர்ந்துடி ஊறும்? காலேஜ் படிச்சவதானே, போய்க் கேளு," என்றாள் அம்மா.

வெண்ணிலா சண்டைக்கே போனாள். டாக்டர் கோபப்படவில்லை. "புதுசு நெறைய உருவாகுதும்மா. ஆனா உருவாகுற வேகத்துல அழிஞ்சிடுது. ஏன்னுதான் பிடிபடல."

அம்மாவிடம் முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னாள்.

"அப்ப நான் திருட்டுத்தனமா ஊத்துன பப்பாளி இலைச் சாறு வேலை செய்யுது!" அம்மா ஊருக்கெல்லாம் போன் போட்டாள்.

ஊசி வண்டி உருளும் சத்தம் கேட்டது. அப்பா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிக் கொடுத்தார். குத்த இடமில்லாமல் கன்றிப்போன அந்தக் கையை வெண்ணிலா பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா," என்றாள் நர்சு.