லாபியில் ஆடியவள்

நாட்டியக்காரி தலையில் ஈர மாப்பைக் காயப்போட்ட குற்றத்துக்காக, இன்றோடு ராணிக்கு வேலை முடிகிறது.

"சாயங்காலம் திறப்பு விழா, காலையில மாப்பா? விழா முடிஞ்சதும் கிளம்பு. நாளைக்கு வராதே," என்றார் சுப்பராயன். திருமுல்லைவாயிலில் இருநூறு வீட்டு அடுக்ககத்தின் சங்கத் தலைவர். தண்ணீர் மோட்டாரிலிருந்து நவீனக் கலை வரை கடைசி வார்த்தை அவருடையதுதான்.

"தெரியாம போட்டுட்டேன் சார். பாக்கசொல்ல வளைஞ்ச குழாயாட்டம் இருந்துச்சு. இந்த வேலைய நம்பித்தான் ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க."

"குழாயா? வெண்கலச் சிற்பம்மா அது. உனக்கு எங்கே புரியப்போகுது. மாப்பை எடுத்துட்டுப் போய் மோட்டார் ரூம்ல கிடக்கிற மிச்சத்து மேல போடு. அதுவாவது முட்டு இல்லாம நிக்குது."

குடியிருப்போர் கொடுத்த பழைய வெண்கலப் பாத்திரங்களை உருக்கிச் செய்த சிலை. மிஞ்சிய உலோகத்தையும் திருப்பித் தரவேண்டும் என்று அம்பத்தூர் வார்ப்புப் பட்டறையில் கறாராகச் சொல்லியிருந்தார் தலைவர். போன வாரம் சிலை ஒன்றிலும் மிச்சம் ஒன்றிலுமாக இரண்டு சாக்கு மூட்டைகள் வந்தன. தலைவரே தன் கையால் பிரித்தார். சிலை நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்ததால், அடியில் சிமெண்ட் பூசி நிறுத்தினார்கள்.

மாலையில் லாபி நிறைந்தது. சிலையைச் செய்த ஹெலினா, வெளியூர்க் கண்காட்சியிலிருந்து நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். தலைவர் பட்டுத்துணியை உருவினார்.

"தூக்கின இந்தக் காலைப் பாருங்க. பிரபஞ்சமே இதுல சுழலுது. பாத்ததுலேர்ந்து மூணு நாள் நான் தூங்கலை."

கைதட்டினார்கள். புரியாதவர்கள் கூடுதலாகத் தட்டினார்கள்.

ஹெலினா எழுந்து போய்ச் சிலையை ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து சிமெண்டைப் பார்த்தாள்.

"சார், உருக்கின வெண்கலம் அச்சுக்குள்ளே ஓடுறதுக்குக் குழாய் மாதிரி ஒரு வழி வைப்போம். அதுல உறைஞ்சு நின்னதை அறுத்துப் போட்டதுதான் இது. நான் செஞ்ச சிலை எங்கே?"

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். அதுவாவது சுழன்றுகொண்டிருந்தது.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ராணி பதில் சொன்னாள்.

"மோட்டார் ரூம்ல கீது மேடம். சார் சொன்னாரேன்னு அது மேலதான் மாப்பு காயப்போட்டிருக்கேன்."