ஏரி பார்த்த வீடு

ஏரிக்கரையில் வீடு வாங்கினால் தினமும் படகில் போகலாம் என்று குமுதவல்லி ஆசைப்பட்ட நாளிலிருந்து, பரஞ்சோதிக்கு ஏரிகளெல்லாம் பகையாகிவிட்டன. அவருக்குத் தண்ணீரென்றால் பயம். கல்யாணமான நாள் முதல் மனைவிக்குத் தெரியாமல் அதை மறைத்து வந்தார். பார்த்த வீடுகளை எல்லாம் பேருந்து வசதி இல்லை, கொசு அதிகம் என்று தட்டிக்கழித்தார். இந்தப் புறநகர் வீட்டில்தான் ஒரு குறையும் அகப்படவில்லை. "ஏரியில ஒரு ரவுண்டு போயிட்டு வந்து முடிவு பண்ணுங்க சார்," என்று தரகர் ஜெபராஜ் இருவரையும் மிதிபடகில் ஏற்றி, தானும் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

நடு ஏரியில் காற்று கிளம்பிப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பரஞ்சோதி கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் அலறியது ஜெபராஜ்தான்.

"ஆண்டவரே, இனிமே பொய் சொல்ல மாட்டேன்! சார், அந்த வீட்ட வாங்காதீங்க. மழைக்காலத்துல ஏரித் தண்ணி ஹால் வரைக்கும் வந்துடும்!"

பரஞ்சோதிக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பயம்கூட விட்டுப்போயிற்று. "கேட்டியா குமுதா?" என்றார் வெற்றியோடு.

குமுதவல்லி மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கரையில் தெரிந்த அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அவர் அப்படியொரு பூரிப்பைப் பார்த்ததில்லை.

"அப்போ ஹால்லேர்ந்தே படகு ஏறிடலாம்னு சொல்லுங்க," என்றாள்.